பதினொரு ஸ்டாண்டும் ஒரு ஹெட்செட்டும்

கடலிலிருந்து வந்த சாமான் எதுவானாலும் முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். எஞ்சின் உதிரியோ, கத்தியோ, டார்ச் லைட்டோ, உப்பு ஒட்டியிருந்தால் நாலே நாளில் அரித்துத் தின்றுவிடும். மணப்பட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தன்பாட்டில் செய்யும். அப்படித்தான் திலீப்பின் கையும் செய்தது. மகள் வெண்ணிலாவின் இயர்போன் ஜன்னலோரம் பிசுபிசுவென்று கிடந்தது. ஐயோ பாவம், உப்புக்காற்றில் வீணாகிறதே என்று அதை ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் முக்கி, அலசி, உதறி, துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டான். செய்த காரியத்தில் அவனுக்குத் திருப்தி வேறு.

இயர்போன் அன்றோடு செத்தது.

"இன்னாப்பா பண்ணி வச்சிருக்க?" வெண்ணிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாட்டு கேக்குற ஒயரப் போய் யாராச்சும் தண்ணில அலசுவாங்களா?"

"உப்பு ஏறியிருந்துச்சும்மா."

"உப்பு ஏறுனா அலசிடுவியா? அப்ப என்னியும் புடிச்சி அலசு. நானும் இந்தக் காத்துலதான கெடக்குறேன்."

உள்ளே நண்டு உடைத்துக்கொண்டிருந்த பிரேமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உட்டா உங்கப்பன் டிவியையும் தூக்கினு போயி பைப்படில வச்சிடுவாரு, ஜாக்கிரத" என்றாள். திலீப்பும் கூடச் சிரித்தான். மனைவி என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. மகள் சிரித்தாள், அதனால் அவனும் சிரித்தான்.

அதுதான் விஷயம். மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? திலீப்புக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

நாற்பத்து நாலு வயது. அதில் இருபத்து மூன்று வருஷம் விசைப்படகின் எஞ்சினுக்கு மேல் நின்ற நிலையிலேயே போயிருக்கிறது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கட்டியிருக்கும் சுப்பராயலு முதலாளியின் படகுக்கு அவன்தான் டிரைவர். மணப்பட்டில் காது கேளாததை மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஊரே கத்தித்தான் பேசும். அலைக்கு எதிராகக் கத்திப் பழகிய தொண்டைகள் கல்யாண வீட்டிலும் கத்தும், கோயிலிலும் கத்தும். அப்படியும் கேட்காததற்கு வாயைப் பார்த்துக்கொள்ளலாம். வாய் தெரியாவிட்டால் தலையாட்டலாம். நாலு பேர் சிரிக்கும்போது அரை நொடி பிந்திச் சிரிக்கலாம். ஆனால் நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவனுக்குத்தான் தெரியும், இது வலை இழுப்பதைவிடப் பெரிய அலுப்பு. பொழுது சாயும் நேரத்துக்குத் திலீப்புக்குக் கழுத்து வலிக்கும், கண் எரியும், யாரும் தன்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்று இருக்கும்.

இதையும் பொறுத்துக்கொண்டு போயிருப்பான். மாசி மகம் கழிந்த எட்டாம் நாள் நடந்ததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

அன்று வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலையை இழுக்கிற வின்ச்சின் உருளையில் ரோப் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. பிரேமாவின் தம்பி புகழ்வேந்தன் அதன் பக்கத்தில் நின்று ரோப் ஒழுங்காகப் படிய, கையால் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் கையுறை ரோப்பில் சிக்கிக்கொண்டது. வின்ச்சை நிறுத்துகிற கிளட்ச் திலீப்பின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்தடி பின்னால் நின்று மச்சான் கத்தியிருக்கிறான். திலீப் முன்பக்கம் கடலைப் பார்த்தபடி நின்றிருக்கிறான். படகின் முன்கோடியிலிருந்து இன்னொரு ஆள் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கிளட்ச்சைத் தட்டினான். அதற்குள் புகழின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

"எஞ்சின் போடுற சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்? நீ இன்னா பண்ணுவ, உடு மாமா" என்று ஆஸ்பத்திரியில் புகழே சமாதானம் சொன்னான். ஊரும் அதையே சொன்னது. பிரேமா அழுதாளே தவிர அவளும் அதையே சொன்னாள். முன்கோடியில் நின்றவனுக்குக் கேட்டது பத்தடியில் நின்றவனுக்கு ஏன் கேட்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திலீப் அன்றே சொல்லியிருப்பானோ என்னவோ. கேட்காததால் அவனும் வாயை மூடிக்கொண்டான்.

இந்த நிலையில்தான் ஏப்ரல் பதினைந்தில் தடைக்காலம் வந்தது. மீன் இனப்பெருக்கத்துக்காக அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகையும் கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். திலீப்புக்கு ஒரு யோசனை தோன்றியது. மீன் பெருக அறுபத்தொரு நாள் போதுமென்றால், படகு புதுசாக அறுபத்தொரு நாள் போதுமென்றால், காதுக்கும் போதாதா? எஞ்சின் சத்தம் படாமல் ரெண்டு மாசம் காதைச் சும்மா விட்டால் அதுவும் தேறிவிடும். தேறிவிட்டால் ஜூன் பதினைந்தாம் தேதி பழையபடி வீலைப் பிடிக்கலாம், யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தேறாவிட்டால்? தேறாவிட்டால் என்பதை அவன் நினைக்கவே இல்லை. ஆனால் தேறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டரிடம் போனால் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். சீட்டு வீட்டுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், புகழுக்குத் தெரியும்.

அப்போது வந்ததுதான் அந்த ஹெட்செட்.

வெண்ணிலா பி.காம். முடித்துவிட்டு, வாஷிங் மெஷின் விற்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஆறு வரை மெஷின் சுற்றவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, ஆள் வரவில்லை என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அவள் காதில் கத்துவார்கள். அதற்காகக் கம்பெனி லேப்டாப்பும், இரண்டு காதையும் கிண்ணம் மாதிரி மூடுகிற கறுப்பு ஹெட்செட்டும் அனுப்பியது. பெட்டியைப் பிரித்ததுமே வெண்ணிலா அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யப்பா, உனக்குப் புண்ணியமாப் போவட்டும். இதுக்கு மட்டும் தண்ணி காட்டிடாத."

"காட்டலம்மா. ஆனா கண்ட எடத்துல போட்டின்னா மண்ணு ஏறிடும். இரு, நிக்க வக்கிறதுக்கு ஒண்ணு செஞ்சித் தர்றேன்."

முதல் ஸ்டாண்ட் அப்படிப் பிறந்தது. குழாய் வேலையில் மிஞ்சிய பி.வி.சி. பைப் ஒரு முழம். அதன் உச்சியில் வலைக்குக் கட்டுகிற மஞ்சள் மிதவை ஒன்றைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தான். ஹெட்செட்டின் வளைவு அதன்மேல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கொட்டி சிமென்ட் கரைத்து ஊற்றினான். நிற்கிற சாமானுக்கு அடியில் கனம் வேண்டும் என்பது படகுக்காரன் புத்தி. பெரும் அலை வந்து வீட்டையே தூக்கினாலும் அந்த ஸ்டாண்ட் இடத்தைவிட்டு அசையாது.

"இத்த தூக்கவே ரெண்டு ஆளு வோணுமேப்பா" என்று வெண்ணிலா இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. மேஜைமேல் அதை வைத்துப் படம் எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

தலை அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திலீப் ஹெட்செட்டை முதலில் மாட்டினான். கிண்ணம் இரண்டும் காதை மூடின. கம்பெனி பயிற்சிக்காகக் கொடுத்திருந்த பழைய புகார்ப் பேச்சு ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் எங்கேயோ அடுத்த தெருவிலிருந்து யாரையோ திட்டுவது மாதிரி இருந்தது. லேப்டாப் திரையில் அந்த அம்மாளின் பேச்சு எழுத்திலும் இருந்தது. திலீப் கண்ணை மூடிக் கேட்டான், பிறகு கண்ணைத் திறந்து படித்துப் பார்த்தான். முதல் பத்து வார்த்தையில் மூன்றுதான் காதுக்கு எட்டியிருந்தது. இன்னொரு முறை படித்துப் பார்த்தான், மூன்றுதான். ஆனால் அதே நேரம், காதை அளக்க ஒரு கயிறு கையில் கிடைத்துவிட்டது என்றும் தோன்றியது.

"சத்தம் எவ்ளோல வச்சிருக்கம்மா?"

"முப்பதுல. அத மாத்திடாதப்பா, என் காதுக்கு அதான் சரி. அதுக்கு மேல வச்சா தலவலி வந்துடும்."

முப்பது. சரி, முப்பதிலேயே இருக்கட்டும். ஆழம் பார்க்கிற கயிறும் குண்டும் மாறாமல் இருந்தால்தான் ஆழம் மாறியதா என்று சொல்ல முடியும். அவன் ஸ்டாண்டைக் கவிழ்த்து, அடியில் மார்க்கர் பேனாவால் சின்னதாக '10க்கு 3' என்று எழுதிவைத்தான்.

அதற்குப் பிறகு அவன் ஸ்டாண்டாகச் செய்து தள்ளினான். கத்திரி வெயில் தகரக் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் போக வழியில்லை. ஆம்பளைகள் எல்லாம் சீட்டாடினார்கள், தூங்கினார்கள், எழுந்து மறுபடியும் தூங்கினார்கள். திலீப் மட்டும் பைப் அறுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ஸ்டாண்ட், செத்ததற்குப் பதிலாக வெண்ணிலா வாங்கிய புது இயர்போனுக்கு. அந்த ஒயர் எப்படி வைத்தாலும் காலையில் எடுக்கும்போது சிக்கலாகக் கிடக்கும். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வலை பின்னுகிற ஊசியில் நூலைச் சுற்றினால் வருஷக்கணக்கில் சிக்காது இல்லையா? அதே மாதிரி ஒரு சாண் நீளத்துக்குப் பலகையில் ஊசி செதுக்கி, அதை ஈயம் போட்ட டப்பாவில் நட்டு நிறுத்தினான். ஒயரை நூல் மாதிரியே அதில் மேலும் கீழுமாகச் சுற்றி வைக்கலாம். இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். வெண்ணிலாவின் தோழிகள் பாகூரிலிருந்தும் கிருமாம்பாக்கத்திலிருந்தும் கேட்டனுப்பினார்கள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எந்த வீட்டில்தான் இப்போது இயர்போன் இல்லை?

"வூட்டுல ஒரு மிதவ உடல, ஒரு குண்டு உடல" என்று பிரேமா சலித்துக்கொண்டாள். "சீசன் ஆரம்பிச்சா வலைக்கு இன்னாத்த கட்டுவ? பொம்பளைங்க கழட்டிப் போட்ட தோட்டயா கட்டுவ?"

திலீப் தலையாட்டினான். அவளுக்கு எரிச்சல் வந்தது. "நான் இன்னா கேக்குறேன், நீ இன்னாத்துக்கு ஆமாங்குற? உங்கிட்ட பேசறதும் ஒண்ணு, செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு!" என்று முந்தானையை உதறிக்கொண்டு போனாள். அந்தக் கடைசி வார்த்தைகள் மட்டும் அவனுக்குக் கேட்டன. அவள் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரியாததை நினைத்துக்கொண்டே அவன் அடுத்த பைப்பை எடுத்து அறுக்க ஆரம்பித்தான்.

ஒரு ஸ்டாண்ட் முடிந்தால் ஒரு சோதனை. அதுதான் அவன் கணக்கு. ஆறு மணிக்கு வெண்ணிலா ஹெட்செட்டைக் கழற்றும்போது காது மடல் இரண்டும் சிவந்திருக்கும். "ஒரு மணி நேரத்துக்கு எங்கிட்ட யாரும் எதுவும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் படுத்து முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொள்வாள். நாள் முழுக்கக் குரல் கேட்டு அலுத்துப்போன மகளும், நாள் முழுக்கக் குரலைத் தேடி அலுத்துப்போன அப்பனும் அந்த ஒரு மணி நேரம் ஒரே அறையில் இருப்பார்கள். திலீப் புது ஸ்டாண்டை மேஜையில் வைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொள்வான்.

"தினம் தினம் இந்தப் புகாரு டேப்பக் கேட்டு உனக்கு இன்னாப்பா கெடைக்குது?" என்று ஒருநாள் வெண்ணிலா எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"நீ இன்னா வேல செய்யிறன்னு தெரிஞ்சிக்கலாம்னுதான்."

வாயில் வந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போனது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசமாகப் போகிறது. அது என்ன வேலை என்று வீட்டில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. அன்றிலிருந்து ஆறு மணி ஆனதும் அவளே அப்பாவுக்காகப் புதுப் பேச்சு ஒன்றை எடுத்துவைத்து, லேப்டாப்பைத் தயாராகத் திறந்துவைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

காது தேறிக்கொண்டே வந்தது. நான்காவது ஸ்டாண்டுக்கு 10க்கு 5. ஆறாவதுக்கு 7. அடுத்த தெருவில் கத்திக்கொண்டிருந்த குரல் இப்போது வீட்டு வாசலுக்கு வந்து கத்தியது. எட்டாவதில் பேச்சுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்ததுகூடக் கேட்டது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டால் பிரேமாவின் பேச்சு பழைய மாதிரி மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஃபேன் காரணம், டிவி காரணம், அவள் வாயை மூடிக்கொண்டு முனகுவது காரணம். நம்புவது என்று முடிவு செய்துவிட்ட மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது?

பதினோராவது ஸ்டாண்டை ஜூன் பன்னிரண்டாம் தேதி முடித்தான். அது புகழ்வேந்தன் வீட்டுக்கு. மகள் ப்ரீத்திக்கு ஒன்று வேண்டும் என்று புகழே கேட்டிருந்தான். அன்று சாயங்காலம் திலீப் ஹெட்செட்டை மாட்டிக் கண்ணை மூடினான். ஒரு பெரியவர் தன் மெஷின் ஆடி ஆடி அறையை விட்டு வெளியே வந்துவிட்டதாகப் புலம்பினார். ஒரு வார்த்தை தப்பவில்லை. கண்ணைத் திறந்து திரையில் சரிபார்த்தான், அப்படியே இருந்தது. மெனக்கெட்டு இன்னொரு முறை கேட்டான். பிறகு ஸ்டாண்டைக் கவிழ்த்து '10க்கு 10' என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினான். நாலு மாசத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான்.

புகழ் அப்போதுதான் வந்தான். எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பேசினான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான்.

"மாமா, நானும் கெளம்பிட்டேன். முதலாளி கிட்ட சொல்லிட்டேன், பதினஞ்சாந்தேதி வர்றேன்னு."

"கை?"

"எட்டு வெரலு இருக்கே. எம்மா நாளுக்கு வலைய பின்னினே குந்தியிருக்கிறது? வூட்டுல பயப்படுறா. வீலுல மாமா நிக்கிறாருடி, எனக்கின்னா பயம்னு சொல்லிட்டேன்."

இரண்டு மாசத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் திலீப் நடுங்கிப்போயிருப்பான். அன்று நடுங்கவில்லை. "வாடா மச்சான், பாத்துக்கலாம்" என்று தோளில் தட்டினான். அன்றைக்கே சுப்பராயலு முதலாளிக்கும் போன் போட்டு, படகு தண்ணீரில் இறங்கலாம், நான் ரெடி என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெண்ணிலா வேலைக்கு உட்கார்ந்தாள். திலீப் வாசலில் புகழுக்கான ஸ்டாண்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டினாள். முதல் அழைப்பு வந்தது.

அடுத்த நொடி அவள் வீறிட்டாள். ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். காதைப் பொத்திக்கொண்டு மேஜைமேல் கவிழ்ந்தாள். அந்த அலறல் திலீப்புக்கே கேட்டது. போட்டது போட்டபடி உள்ளே ஓடினான்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சி? ஷாக் அடிச்சிச்சா?"

"ஒண்ணுமில்லப்பா..." கண்ணில் தண்ணீர் வழிய அவள் சிரிக்கப் பார்த்தாள். "நூறுல வச்சிட்டு எறக்க மறந்துட்டேன். காது கிழிஞ்சிபோச்சு."

"நூறுலயா?"

"உனக்கு வச்சதுதான். தெனம் காலைல முப்பதுக்கு எறக்கிடுவேன், இன்னிக்கி மறந்துட்டேன்."

திலீப் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்தான். "மெதுவா சொல்லும்மா. எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது ஸ்டாண்ட் செஞ்சியே, அப்பலேர்ந்துதாம்பா. நீ கிண்ணத்த ரெண்டு கையாலயும் அமுக்கி அமுக்கிக் கேட்டுனு இருந்த. பாக்கவே பாவமா இருந்துச்சி. போட்டுல நிக்கிற ஆளுங்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாதான இருக்கும்னு நாப்பதுல வச்சேன். அப்பவும் அமுக்குன. அம்பதுல வச்சேன். அப்படியே ஏத்தி ஏத்தி நூறு ஆயிடுச்சி. என் வேலையப் பத்தி நீ ஒருத்தன்தான கேட்ட? நல்லாக் கேக்கட்டுமேன்னுதான்." அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, தப்பா?"

அந்தப் பிள்ளையை என்ன சொல்ல முடியும்? "இல்லம்மா, தப்பில்ல" என்றான். "முப்பதுல வையி. ஒருவாட்டி வச்சிக் குடு."

வைத்துக் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மெஷின் நடந்து வருகிறது என்று புலம்பிய அதே பெரியவர்தான். அவர் அடுத்த தெருவுக்குக்கூட வரவில்லை. எங்கேயோ ஊர் எல்லையில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார். திலீப் இரண்டு கையாலும் கிண்ணங்களை அமுக்கினான். நேற்று வரிக்கு வரி கேட்ட பேச்சில் இன்று இரண்டு வார்த்தைதான் கிடைத்தது. மூன்றுகூட இல்லை. காது தேறவில்லை, இன்னும் இறங்கியிருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டினான். ரெண்டு மாசமாக அவன் செய்தது இவ்வளவுதான்: மகள் பாசத்தில் ஏற்றி வைத்த சத்தத்தைத் தன் காது என்று நம்பி, அதை ஊரில் பதினொரு ஸ்டாண்டுக்கு அடியில் எழுதியிருக்கிறான். அந்த நம்பிக்கையில் மச்சானையும் படகுக்கு வாடா என்று கூப்பிட்டாகிவிட்டது. எட்டு விரலோடு அவன் மறுபடி அதே வின்ச்சுக்குப் பக்கத்தில் நிற்பான். மறுபடி கத்துவான்.

அப்போதும் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க வேண்டும் என்றுதான் அவனுக்குள் ஒரு குரல் சொன்னது. டிரைவர் வேலை போனால் வேறென்ன தெரியும் உனக்கு, இந்த வயசில் யார் கூப்பிடுவார்கள், தலையாட்டித்தானே இவ்வளவு நாள் ஓட்டினாய், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டேன் என்றது. ஆனால் அவன் அலுத்துப்போயிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நல்லவனாக இருந்ததால் அவன் எழுந்து போகவில்லை. இன்னொரு வருஷம் தலையாட்ட அவன் கழுத்தில் தெம்பில்லை, அதனால்தான் போனான். வாசலில் கிடந்த ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தான். வழியிலேயே முதலாளிக்குப் போன் போட்டான். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க முயலாமல், "நான் வர்லீங்க. எனக்குக் காது கேக்கல. வேற டிரைவரு பாத்துக்குங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

கடற்கரையில் வலை பின்னுகிற கொட்டகையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். புகழ் ஓரமாக, கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஊசியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறிக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஸ்டாண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்குது மாமா. எம்மாங் கனம்! ப்ரீத்தி குதிக்கப் போறா." அடிப்பக்கம் கவிழ்த்தான். "இது இன்னா? பத்துக்குப் பத்து? மார்க்கா?"

"மார்க்குதான்" என்றான் திலீப். "என் காதுக்கு நானே போட்டுக்குனது. அது பொய்யி."

புகழ் சிரித்தான். திலீப் சிரிக்கவில்லை.

"எனக்குக் காது கேக்கல மச்சான். இப்ப இல்ல, ரெண்டு வருசமாவே. அன்னிக்கி எஞ்சின் சத்தத்தால இல்ல. எஞ்சின் இல்லன்னாலும் எனக்குக் கேட்டிருக்காது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் வீலப் புடிச்சேன், உன்ன வின்ச்சாண்ட நிக்கவச்சேன். இதுல தேறிட்டேன்னு நெனச்சி நேத்து உன்ன வாடான்னுட்டேன். வராத. நான் போவல. நீயும் போவாத."

கொட்டகையில் ஊசிகள் நின்றுவிட்டன. புகழ் ஸ்டாண்டை மெல்லத் தரையில் வைத்தான். வலது கையைப் பார்த்தான். எழுந்து, கடல் பக்கமாகத் திரும்பி நின்றான். அவன் தோள் அசைவதைப் பார்த்தால் ஏதோ சொல்வது தெரிந்தது. காற்று எதிரே அடித்தது. திலீப்புக்கு ஒன்றும் எட்டவில்லை. ரெண்டு வருஷப் பழக்கத்தில் தலை தானாக ஆடப் போனது. அவன் அதை நிறுத்தினான்.

"கேக்கல மச்சான்" என்றான்.

புகழ் திரும்பினான். மூன்றே எட்டில் வந்து, மூச்சு முகத்தில் படும் அளவுக்குக் கிட்டே நின்றான். அந்தக் கையைத் திலீப்பின் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பிறகு கத்தினான். கொட்டகைக்கு வெளியே படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிறுத்து மாமான்னு கத்துனேன்! நிறுத்து மாமா, கை மாட்டிக்கிச்சு மாமான்னு மூணு வாட்டி கத்துனேனே! நான்தான் மெதுவா கத்திட்டேன்னு இந்த நாலு மாசமா நெனச்சினு கீறேனே மாமா!"

திலீப்புக்குக் கேட்டது. ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.